கதவடைப்பு நெருங்கும்போது ஒரு கூடைப்பந்து ஒப்பந்தத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்குபவரை ஆட்ட நுணுக்கங்களைவிட வீரர் பரிமாற்றங்களே அதிகம் குழப்புகின்றன. நன்றாக ஆடும் ஒருவரை ஓர் அணி ஏன் விட்டுக்கொடுக்கிறது, காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரை இன்னோர் அணி ஏன் மனமுவந்து ஏற்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த வீரரின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பரிமாற்றத்தில் ஆளோடு சேர்ந்து அவருடைய எஞ்சிய ஆண்டுகள், ஊதியம், உத்தரவாதம், விருப்ப ஆண்டுகள் (வீரரோ அணியோ விரும்பினால் மட்டும் தொடரும் ஆண்டுகள்) ஆகிய அனைத்தும் கைமாறுகின்றன. இவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நிர்ணயிப்பது அணி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம். அந்தக் கூட்டு ஒப்பந்தமே காலாவதியாகும் நாள் நெருங்கி, உரிமையாளர்கள் கதவடைப்பு (புதிய உடன்பாடு வரும்வரை வீரர்களை வெளியே நிறுத்தி எல்லாவற்றையும் முடக்குவது) செய்வார்கள் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டால், ஒவ்வொரு வீரரின் விலையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டியதாகிறது.

இதைக் கற்றுக்கொள்ள 2010-11 பருவத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அந்தப் பருவம் தொடங்கும்போதே, அடுத்த கோடையில் கதவடைப்பு வரும் என்று இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தன. அதைத் தெரிந்துகொண்டேதான் முப்பது அணிகளும் பேரம் பேசின. அந்தப் பேரங்கள் பின்னாளில் எப்படி முடிந்தன என்பதும் நமக்கு இப்போது தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய விதிகள் எப்படி இருக்கும் என்று ஊகித்து அதன்மேல் பந்தயம் கட்டிய அணிகளைவிட, எந்த விதி வந்தாலும் முடிவெடுக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்ட அணிகளே அந்தப் பருவத்தில் ஆதாயம் கண்டன. பின்வரும் படிகள் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை.

1. முதலில் நாட்காட்டியை விரித்துக்கொள்ளுங்கள்

எந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதற்கு முன்பும் சில தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2005இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் 2011 ஜூன் 30 நள்ளிரவோடு முடிந்தது. அந்தப் பருவத்தின் பரிமாற்றக் கெடு பிப்ரவரி 24. புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூன் 23. இந்த மூன்று தேதிகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. அந்தப் பருவத்தோடு முடியும் ஒப்பந்தத்தை வைத்திருக்கும் வீரரைப் பிப்ரவரிக் கெடுவுக்குப் பின் பரிமாற முடியாது. எனவே அத்தகைய ஒப்பந்தங்களுக்கு அதுவே கடைசிச் சந்தை. அடுத்த ஆண்டும் தொடரும் ஒப்பந்தங்களை, அணியின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு ஜூன் 30 வரை மீண்டும் பரிமாறலாம்; டிராஃப்ட் இரவில் பரிமாற்றங்கள் குவிவது இதனால்தான்.

ஜூலை 1 அன்று கதவடைப்பு தொடங்கியதும் எல்லாம் உறைந்துபோனது. பரிமாற்றம் இல்லை, புதிய ஒப்பந்தம் இல்லை, அணியின் பயிற்சிக்கூடத்தில் வீரர் கால்வைக்க முடியாது, அணி நிர்வாகிகள் வீரர்களோடு பேசவும் கூடாது. வீரர்களைப் பற்றி ஊடகத்தில் பேசுவதும் குற்றமாகக் கருதப்பட்டது. ஷார்லட் அணியின் உரிமையாளராக இருந்த மைக்கேல் ஜோர்டன், வேறோர் அணியின் வீரரான ஆண்ட்ரூ போகட்டை ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பேட்டிக்காக 1 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். 1998 கதவடைப்பின்போது, மைக்கேல் ஜோர்டன் என்ற வீரர், ஓர் உரிமையாளரைப் பார்த்து நட்டம் என்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்துச் சிரித்திருப்பார்கள்.

ஆக, கதவடைப்புக்கு முந்தைய ஒவ்வொரு பரிமாற்ற வாய்ப்பும், அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாத நிலையில் வருகிறது. 1995 கதவடைப்பில் ஓர் ஆட்டமும் இழக்கப்படவில்லை. 1998இல் தொடங்கிய கதவடைப்பு அடுத்த ஆண்டு ஜனவரி வரை இழுத்து, பருவத்தை 50 ஆட்டங்களாகச் சுருக்கியது. 2011இல் அது டிசம்பர் 8 வரை 161 நாள் நீடித்து, பருவம் கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி 66 ஆட்டங்களோடு முடிந்தது. முழுப் பருவம் என்பது 82 ஆட்டங்கள். இந்த எண்கள் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

2. ஏட்டுக் கணக்கையும் ரொக்கத்தையும் பிரித்து எழுதுங்கள்

நிலம் வாங்கும்போது பத்திரத்தில் எழுதும் வழிகாட்டி மதிப்பு வேறு, கைமாறும் தொகை வேறு என்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வீரரின் ஊதியத்துக்கு இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, அணியின் ஊதிய உச்சவரம்புக் கணக்கில் (ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கு லீக் விதிக்கும், சில விலக்குகளோடு மீறக்கூடிய எல்லை) ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வது. மற்றொன்று, உரிமையாளரின் பணப்பையிலிருந்து வெளியேறுவது. சாதாரண ஆண்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருப்பதால் நாம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கதவடைப்பு ஆண்டில் இவை பிரிகின்றன.

ஆட்டம் நடக்காத நாட்களுக்கு வீரர்களுக்கு ஊதியம் இல்லை. 2011-12 பருவத்தில் 82க்கு 66 ஆட்டங்களே நடந்ததால், ஒப்பந்தத்தில் எழுதிய தொகையில் சுமார் 80 விழுக்காடுதான் கைக்கு வந்தது. உச்சவரம்புக் கணக்கிலோ முழுத் தொகையே எழுதப்பட்டது. உச்சவரம்பும் முந்தைய ஆண்டைப் போலவே 5.8044 கோடி டாலராக நீடித்தது. 1998-99இல் 50 ஆட்டங்களே நடந்ததால் வீரர்களுக்குக் கிடைத்தது 61 விழுக்காடு.

இதைப் பயன்படுத்தும் முறை எளிது. நீங்கள் மதிப்பிடும் வீரரின் அடுத்த ஆண்டு ஊதியத்தை எடுத்து, முழுப் பருவம், 66 ஆட்டப் பருவம், 50 ஆட்டப் பருவம், ஆட்டமே இல்லாத பருவம் என நான்கு வரிகளில் எழுதுங்கள். உதாரணமாக, சான்சி பில்லப்ஸின் 2011-12 ஊதியம் 1.42 கோடி டாலர். 66 ஆட்டம் என்றால் அது ஏறத்தாழ 1.14 கோடி; 50 ஆட்டம் என்றால் 87 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒப்பந்தத்தின் ஆண்டு மட்டும் எப்படியும் கழிந்துவிடும். ஆடாத ஆண்டு கடைசியில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. ஆகவே விலை மிகுந்த, இன்னும் ஓர் ஆண்டோ ஈராண்டோ எஞ்சியுள்ள ஒப்பந்தத்தை ஏற்பவருக்குக் கதவடைப்பு ஒரு மறைமுகத் தள்ளுபடியைத் தருகிறது. குறைந்த ஊதியத்தில் சிறப்பாக ஆடும் இளைஞரின் ஒப்பந்தத்துக்கோ இதே காரணம் எதிராகத் திரும்புகிறது. மலிவாகக் கிடைக்க வேண்டிய ஆண்டொன்றின் பகுதி வீணாகிறது.

பிப்ரவரியில் நடக்கும் பரிமாற்றத்தில் இன்னொரு ரொக்கக் கணக்கும் உண்டு. அந்தப் பருவத்தின் ஊதியத்தில் பெரும்பகுதியைப் பழைய அணி ஏற்கெனவே கொடுத்திருக்கும். புதிய அணி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தால் போதும். அதற்கும் அன்றைய விதிப்படி ஒரு பரிமாற்றத்துக்கு 30 லட்சம் டாலர் வரை ரொக்கமாகக் கேட்டு வாங்கலாம்.

3. பேச்சுவார்த்தையில் எது கேட்கப்படுகிறது என்று பாருங்கள்

உரிமையாளர்கள் தரப்பில் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன், 30 அணிகளில் 22 நட்டத்தில் ஓடுவதாகவும் அந்தப் பருவத்தின் மொத்த நட்டம் சுமார் 30 கோடி டாலர் என்றும் சொன்னார். சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கூடைப்பந்து வருமானத்தில் வீரர்களின் பங்கு அப்போது 57 விழுக்காடு. அதைக் குறைப்பது, மீறவே முடியாத உச்சவரம்பு ஒன்றைக் கொண்டுவருவது, ஒப்பந்தங்களின் நீளத்தைச் சுருக்குவது ஆகியவை உரிமையாளர்களின் கோரிக்கைகள்.

இவற்றில் எது நிறைவேறும் என்று கணிப்பதைவிட, ஒவ்வொரு கோரிக்கையும் யாருடைய ஒப்பந்தத்தைத் தொடும் என்று பிரிப்பது பயனுள்ளது. சில மாற்றங்கள் இனி கையெழுத்தாகும் ஒப்பந்தங்களை மட்டும் பாதிக்கும். சில, ஏற்கெனவே கையெழுத்தானவற்றையும் பாதிக்கும். வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக் 2004-05 பருவம் முழுவதையும் கதவடைப்பில் இழந்தபின், நடப்பிலிருந்த ஒப்பந்தங்கள் அனைத்திலும் 24 விழுக்காட்டை வெட்டியது. அது உரிமையாளர்கள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கான எல்லைக்கோடு. என்.பி.ஏ.வில் 2011 முடிவில் அப்படி நடக்கவில்லை. பழைய ஒப்பந்தங்களின் எண்கள் தொடப்படவில்லை. வீரர்களின் பங்கு 49 முதல் 51 விழுக்காடு வரையிலான பட்டைக்கு இறங்கியது. சொந்த அணியோடு ஆறு ஆண்டு என்றிருந்த உச்சம் ஐந்தானது, மற்ற அணிகளோடு ஐந்து என்றிருந்தது நான்கானது. ஆண்டு உயர்வு விகிதங்களும் குறைந்தன.

ஆகவே பழைய விதியின்கீழ் கையெழுத்திட்ட நீண்ட ஒப்பந்தம், வீரருக்கு ஒரு கோட்டைச் சுவர். இதை டென்வர் அணியின் நட்சத்திர வீரர் கார்மெலோ ஆண்டனி நன்கு அறிந்திருந்தார். டென்வர் அணி அவருக்கு மூன்றாண்டுக்கு 6.5 கோடி டாலர் நீட்டிப்பை முன்வைத்திருந்தது. அவருக்கு அந்தத் தொகை வேண்டும், ஆனால் டென்வர் வேண்டாம். கோடையில் சுதந்திர வீரராக (ஒப்பந்தம் முடிந்து, விரும்பிய அணியோடு சேரக்கூடியவராக) நியூயார்க்குக்குப் போகலாம் என்றால், அப்போது எந்த விதி இருக்கும் என்று தெரியாது. எனவே ஜூன் 30க்கு முன் நீட்டிப்பும் வேண்டும், நியூயார்க்கும் வேண்டும். இரண்டையும் தரக்கூடிய ஒரே வழி பரிமாற்றம்.

பிப்ரவரி 21 அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட அந்தப் பரிமாற்றத்தில் நியூயார்க் கொடுத்தது டேனிலோ கல்லினாரி, வில்சன் சாண்ட்லர், ரேமண்ட் ஃபெல்டன், டிமோஃபே மாஸ்கோவ், 2014 முதல் சுற்றுத் தேர்வு (அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு புதுமுகத்தை எடுக்கும் உரிமை) ஆகியவற்றையும், 2016இல் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும். ஆறு மாதம் பொறுத்திருந்தால் வெறும் ஊதியம் மட்டும் கொடுத்துப் பெற்றிருக்கக்கூடிய ஒருவருக்கு இவ்வளவு விலை. என் பார்வையில் நியூயார்க் இதில் ஆண்டனியின் ஆட்டத்துக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை, ஒரு தேதிக்கும் விலை கொடுத்தது. கடைசியில் பொடிசாகச் சேர்க்கப்பட்ட அந்த 2016 உரிமை வழியாக டென்வர் ஏழாவது இடத்தில் எடுத்தவர் ஜமால் மரே. அவர் 2023இல் அந்த அணிக்குக் கோப்பை வென்று தந்தவர்களில் ஒருவர். நீட்டிப்பையும் பரிமாற்றத்தையும் இப்படி ஒருசேரச் செய்யும் வழியைப் புதிய கூட்டு ஒப்பந்தம் பெரிதும் குறுக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டனியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது.

4. முடியும் தறுவாயில் உள்ள ஒப்பந்தத்தை இருமுறை யோசியுங்கள்

சாதாரண காலத்தில், பருவத்தோடு முடியும் பெரிய ஒப்பந்தம் பரிமாற்றச் சந்தையின் செல்லப்பிள்ளை. அதை வாங்கும் அணிக்குக் கோடையில் உச்சவரம்பில் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் விரும்பிய வீரரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2010 கோடைக்காகப் பல அணிகள் ஈராண்டுக்கு மேலாக இப்படி இடம் சேர்த்தன.

கதவடைப்புக்கு முந்தைய பருவத்தில் இந்தத் தர்க்கம் பாதி உடைகிறது. இடம் கிடைக்கும் என்கிறோம். ஆனால் உச்சவரம்பு எங்கே நிற்கும் என்று தெரியாது. அது சரிந்தால் இன்று இடம் போலத் தெரிவது நாளை இடமாக இராது. மறுபுறம், உச்சவரம்பு இறங்கி மீறமுடியாததாகவும் ஆகுமானால், நீண்ட ஒப்பந்தங்களில் சிக்கிய அணிகள் மூச்சுத் திணறும். கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அவர்களுடைய நல்ல வீரர்களை மலிவில் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரே ஒப்பந்தத்துக்கு இரு நேர்மாறான மதிப்பீடுகள் நேர்மையாகவே சாத்தியமாகின்றன. புதியவர்கள் இங்கே செய்ய வேண்டியது, அந்த ஒப்பந்தத்தை வாங்கும் அணிக்கு நட்டத்தைக் குறைப்பது நோக்கமா, ஆள் சேர்ப்பது நோக்கமா என்று கேட்பது. நட்டத்தைக் குறைக்க விரும்பும் அணிக்கு அது எந்த விதியிலும் பயன்படும். ஆள் சேர்க்க விரும்பும் அணிக்கு அது ஒரு சூதாட்டச் சீட்டு.

முடியும் ஒப்பந்தத்தில் ஆடுபவர் நல்ல வீரராக இருந்துவிட்டால் சிக்கல் வேறு. பாஸ்டன் அணியின் கென்ட்ரிக் பெர்கின்ஸ் அப்படிப்பட்டவர். பாஸ்டன் முன்வைத்த நீட்டிப்பை அவர் ஏற்கவில்லை. கோடைக்குப் பின் அவரை எந்த விதியில், எந்த விலையில் தக்கவைக்க முடியும் என்று அணிக்கும் தெரியாது. பிப்ரவரி 24 அன்று பாஸ்டன் அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பி ஜெஃப் கிரீனையும் நெனாட் கிரிஸ்டிச்சையும் வாங்கியது. அடுத்த வாரமே ஓக்லஹோமா அவரோடு நான்காண்டுக்குச் சுமார் 3.5 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்டது. அன்று அது துணிச்சலான, நியாயமான முடிவு என்று பாராட்டப்பட்டது. இந்த ஒப்பந்தத்தைக் கடைசிப் படியில் மறுபடியும் பார்ப்போம்.

5. சுமையான ஒப்பந்தங்களில் யாருக்கு மன்னிப்பு கிடைக்கும் என்று தேடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கவனமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

புதிய கூட்டு ஒப்பந்தம் கடுமையான விதிகளோடு வரும்போது, பழைய விதியின் தவறுகளைச் சுமக்கும் அணிகளுக்கு ஒரு வெளியேறும் வழியையும் கூடவே தருவது வழக்கம். 2005இல், ஒரு வீரரை விடுவித்து அவருடைய ஊதியத்தை ஆடம்பர வரிக் கணக்கிலிருந்து (மொத்த ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி லீக்குக்குக் கட்டும் வரி) மட்டும் நீக்கிக்கொள்ள ஒருமுறை அனுமதி தரப்பட்டது. அதற்கு நியூயார்க் வீரர் ஆலன் ஹூஸ்டனின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் நியூயார்க் அதை ஜெரோம் வில்லியம்ஸ் மீதே பயன்படுத்தியது. ஆகவே 2011இலும் ஏதேனும் ஒரு பொதுமன்னிப்பு வரும் என்று எதிர்பார்ப்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. வந்ததோ 2005ஐவிட தாராளமானது. விடுவிக்கப்படும் வீரரின் ஊதியம் உச்சவரம்பு, ஆடம்பர வரி என இரண்டு கணக்குகளிலிருந்தும் நீங்கியது. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஒருமுறை, பழைய கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் கையெழுத்தான ஒப்பந்தமாக இருக்க வேண்டும், அந்த வீரர் 2011 ஜூலை 1 முதல் அதே அணியில் இருந்திருக்க வேண்டும். பணத்தை எப்படியும் கொடுத்தாக வேண்டும். கணக்கு மட்டும் சுத்தமாகும்.

இப்போது பாரன் டேவிஸின் கதையைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அவரை 2008இல் ஐந்தாண்டுக்கு 6.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. 2011 பிப்ரவரியில் அவருக்கு அடுத்த இரு பருவங்களுக்கு ஏறத்தாழ 2.9 கோடி டாலர் பாக்கி. அந்தச் சுமையிலிருந்து விடுபட, கிளிப்பர்ஸ் அவரைக் கிளீவ்லாந்துக்குத் தள்ளி மோ வில்லியம்ஸையும் ஜமாரியோ மூனையும் வாங்கியது. சுமையை ஏற்பதற்கான கூலியாகத் தன் முதல் சுற்றுத் தேர்வை எந்தப் பாதுகாப்பும் இன்றி, அதாவது அது எந்த இடத்துக்கு வந்தாலும் கைமாறும்படி, சேர்த்துக் கொடுத்தது. டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவுசெய்யும் மே மாதக் குலுக்கலில், 2.8 விழுக்காடே வாய்ப்பிருந்த அந்தத் தேர்வு முதலிடத்துக்கு வந்தது. கிளீவ்லாந்து கைரி இர்விங்கை எடுத்தது. டிசம்பரில் பொதுமன்னிப்பைப் பயன்படுத்தி டேவிஸையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டது.

குலுக்கலில் அதிர்ஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டாலும், கிளிப்பர்ஸ் பத்து மாதம் காத்திருந்தால் விலையின்றிக் கிடைத்திருக்கக்கூடிய விடுதலைக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. கிளிப்பர்ஸ் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: பொதுமன்னிப்பு டேவிஸின் ஊதியத்தை உரிமையாளரின் பையிலிருந்து மீட்டிருக்காது, பரிமாற்றமோ மீட்டது. ஒரு சுமையை விற்பவர் எதை விற்கிறார், ஏட்டுச் சுமையையா, ரொக்கச் சுமையையா என்று கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இரண்டாம் படியை அவ்வளவு வற்புறுத்தினேன்.

தேதி எப்படி வேலை செய்தது என்பதற்குக் கில்பர்ட் அரீனாஸ் இன்னொரு சான்று. 2010 டிசம்பரில் ஆர்லாண்டோ, ரஷார்ட் லூயிஸை வாஷிங்டனுக்குக் கொடுத்து அரீனாஸை வாங்கியது. இரண்டுமே லீக்கின் மிக மோசமான ஒப்பந்தங்களாகக் கருதப்பட்டவை. அரீனாஸுடையது 2008இல் போட்ட ஆறாண்டு, 11.1 கோடி டாலர் ஒப்பந்தம். அது லூயிஸுடையதைவிட ஓராண்டு நீளமானது என்பதால் வாஷிங்டன் வென்றதாகத் தோன்றியது. ஓராண்டு கழித்து ஆர்லாண்டோ அரீனாஸைப் பொதுமன்னிப்பில் விடுவித்தது. ஜூலை 1க்கு முன்னரே வாங்கியிருந்ததால்தான் அது முடிந்தது. கதவடைப்புக்குப் பின் அதே பரிமாற்றத்தைச் செய்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

அந்த ஒரே முறையை அவசரத்தில் செலவழித்ததற்கு நியூயார்க் எடுத்துக்காட்டு. ஆண்டனியோடு சேர்ந்து வந்த பில்லப்ஸை 2011 ஏப்ரலில் சுமார் 37 லட்சம் டாலர் கொடுத்து விடுவித்திருக்கலாம். நியூயார்க் அவருடைய 1.42 கோடி டாலர் ஆண்டைத் தக்கவைத்தது. டிசம்பரில் டைசன் சாண்ட்லரைச் சேர்க்க இடம் தேவைப்பட்டபோது, பொதுமன்னிப்பை பில்லப்ஸ் மீதே செலவிட்டது. 2010இல் ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் எழுதிக்கொடுத்த அமாரே ஸ்டூடமையரின் முழங்கால்கள் ஓய்ந்தபோது, அந்த அணியிடம் பயன்படுத்த எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஓர் அணியின் சுமைகளை மதிப்பிடும்போது, மிக மோசமான ஒப்பந்தத்துக்கு மன்னிப்பு கிடைக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு, இரண்டாவது மோசமான ஒப்பந்தத்தை வைத்தே அந்த அணியின் நிலையை எடைபோடுங்கள்.

6. தேர்வு உரிமைகளும் புதுமுக ஒப்பந்தங்களும்

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. முதல் சுற்றில் எடுக்கப்படும் புதுமுகத்தின் ஊதியம் அட்டவணைப்படி நிர்ணயிக்கப்பட்டது. முதல் ஈராண்டு உத்தரவாதம், அடுத்த ஈராண்டு அணியின் விருப்பம். எந்த விதி வந்தாலும் இது மலிவாகவே இருக்கும் என்று எல்லாரும் நம்பியதால் இவற்றின் விலை ஏறியது. டெரான் வில்லியம்ஸை நெட்ஸுக்கு அனுப்பிய யூட்டா, அனுபவ வீரர் டெவின் ஹாரிஸோடு இளைஞர் டெரிக் ஃபேவர்ஸையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கேட்டு வாங்கியது இந்தக் கணக்கில்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: கதவடைப்பு அச்சம் கல்லூரி வீரர்களையும் தொடும். ஹாரிசன் பார்ன்ஸ், ஜாரட் சல்லிஞ்சர் போன்றவர்கள் 2011 டிராஃப்டுக்கு வராமல் கல்லூரியிலேயே தங்கினார்கள். அந்த ஆண்டின் தேர்வு உரிமைகள் அதனால் சற்று மெலிந்தன.

7. கையெழுத்தான பிறகு மறுபடி கணக்கிடுங்கள்

தகராறு தீர்ந்த நாளில் பழைய மதிப்பீடுகள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடுகின்றன. 2011 டிசம்பரில் பயிற்சி முகாம்களும் சுதந்திர வீரர் சந்தையும் ஒரே நாளில் திறந்தன. சாதாரணமாக மூன்று மாதத்தில் பரவும் வேலை இரண்டு வாரத்தில் நெருக்கியடித்தது. முதல் பெரிய பரிமாற்றமே சர்ச்சையில் முடிந்தது. 2010 டிசம்பர் முதல் லீக்கின் சொந்த உடைமையாக இருந்த நியூ ஆர்லியன்ஸ் அணி, கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கூட்டு ஒப்பந்தம் உறுதிசெய்யப்பட்ட அதே டிசம்பர் 8 அன்று ஸ்டெர்ன் அதை நிராகரித்தார். ஒரு வாரத்துக்குள் பால் கிளிப்பர்ஸுக்குப் போனார். எரிக் கார்டன், கிறிஸ் கேமன், அல்-ஃபரூக் அமினு, மினசோட்டாவின் 2012 முதல் சுற்றுத் தேர்வு ஆகியவை பதிலாக வந்தன. மறுத்த பரிமாற்றத்தில் வரவிருந்தவர்கள் லாமர் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின் போன்ற முதிர்ந்த, நீண்ட ஒப்பந்த வீரர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உடனடி வெற்றிகளைவிட இளமையும் குறைந்த கடப்பாடும் தேர்ந்தெடுக்கப்பட்டது தெரிகிறது. விற்பனைக்குக் காத்திருந்த ஓர் அணிக்கு அதுவே வாங்குபவரைக் கவரும் கணக்கு.

உடனே தெரியாத விதிகளையும் தேட வேண்டும். 2011 கூட்டு ஒப்பந்தத்தின் கடுமையான பகுதி, படிப்படியாக ஏறும் ஆடம்பர வரி. அது 2013-14இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் என்றிருந்தது, ஒன்றரையிலிருந்து தொடங்கி மேலே போயிற்று. முன்பு சொன்ன பெர்கின்ஸ் ஒப்பந்தம் இப்போது வேறு முகம் காட்டியது. பழைய விதியில் சுமக்கத்தக்கதாக இருந்த அந்த ஊதியம், கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், செர்ஜ் இபாக்கா ஆகியோரின் ஒப்பந்தங்களோடு சேர்ந்து ஓக்லஹோமாவின் ஏட்டை நிரப்பியது. தன் இன்னோர் இளம் வீரரான ஜேம்ஸ் ஹார்டனுக்கு உச்ச ஊதியம் தர அந்த அணி தயங்கியது. 2012 அக்டோபரில் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. ஹூஸ்டன் அவருக்கு ஐந்தாண்டுக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. இத்தனைக்கும் பெர்கின்ஸ் பொதுமன்னிப்புக்குத் தகுதியானவர். ஓக்லஹோமா அதைக் கடைசிவரை அவர்மீது பயன்படுத்தவில்லை. சிறிய நகர அணிக்கு ஆடாத ஆளுக்கு ஊதியம் கொடுப்பது கசக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் 2011 கூட்டு ஒப்பந்தம் திறந்து வைத்திருந்த வாசலை இவ்வளவு தேவையிருந்தும் பயன்படுத்தாத அணி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

8. இன்றைய ஒப்பந்தங்களில் பழகிப் பாருங்கள்

பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் வீரர் சங்கம் 2024 அக்டோபரில் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அது 2025 அக்டோபர் 31இல் முடிவதாக ஆயிற்று. அனுபவ வீராங்கனைகளில் ஏறத்தாழ அனைவரும் தங்கள் ஒப்பந்தங்களை அதே ஆண்டில் முடியும்படி அமைத்துக்கொண்டனர். ஆண்டனி செய்ததற்கு இது நேர்மாறு. உரிமையாளர்கள் ஊதியத்தை வெட்ட வருகிறார்கள் என்றால் பழைய விதியில் நீளமாகக் கையெழுத்திட வேண்டும். ஊதியம் பெருகப் போகிறது என்றால் புதிய விதிக்குச் சுதந்திரமாகக் காத்திருக்க வேண்டும். இதனால் 2025 பருவத்தில் அணிகளின் கையில் அடுத்த ஆண்டுக்கும் உறுதியாக இருந்தவர்கள் பெரும்பாலும் புதுமுக ஒப்பந்தத்தில் இருந்த இளையவர்களே.

என்.பி.ஏ.வின் நடப்புக் கூட்டு ஒப்பந்தம் 2023 ஜூலையில் தொடங்கி 2029-30 பருவம் வரை செல்லும். 2028-29 பருவத்துக்குப் பின் எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம். ஆகவே 2029 கோடையைத் தாண்டி ஓடும் ஒப்பந்தம் எதையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடைக்கு அப்பால் எத்தனை ஆண்டு, அதில் எவ்வளவு உத்தரவாதம், விருப்ப ஆண்டு இருந்தால் அது வீரரின் கையிலா அணியின் கையிலா, அந்த அணியின் ஏட்டில் அதைவிட மோசமான ஒப்பந்தம் வேறு உண்டா என்று நான்கு வரிகளில் எழுதிவைத்தால், அடுத்த தகராறு தலைப்புச் செய்தியாகும்போது கணக்குப் போடத் தேவையானவை கையில் இருக்கும்.